செபெலா அண்ணனும் மீன ராசி மீனாட்சியும்

பிரிக்பீல்ட்ஸில் வாடகை கொடுத்துக்கொண்டு, நடுக்கடலின் அடித்தரையில் குடித்தனம் நடத்திய ஒரே மனிதர் எங்கள் செபெலா அண்ணன்தான். போட்டிக்கு யாராவது இருந்தால் வரட்டும். இத்தனைக்கும் அவர் கடலுக்கே போகாதவர். ஒரு முறை போர்ட் கிள்ளானில் கெத்தாம் தீவுக்குப் போகும் படகில் ஏறினார். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே வாந்தி எடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். ஆனால் உலகத்தின் மறுபக்கத்தில், ஐஸ் மாதிரி குளிர்ந்த கடலுக்கடியில், ஒரு மீன் இன்று சாப்பிட்டதா இல்லையா என்று அவர் பட்ட கவலையில் கால்வாசி, தான் சாப்பிட்டோமா என்பதில் இருந்ததில்லை.

எங்களுடையது லிஃப்ட் இல்லாத பழைய நாலு மாடி ப்ளாட். கீழே தவமணி அக்காவின் வாழையிலைக் கடை. மூன்றாம் மாடியில் நானும் என் மனைவி மாலதியும். எங்கள் தலைக்கு நேர் மேலே, நான்காம் மாடியில் அவர். தனியாள்.

வந்த புதிதில் தவமணி அக்கா அவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார். அண்ணன் பக்கத்து மேசைக்காரரின் இலையிலிருந்த பொரித்த மீனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பாடம் ஆரம்பித்துவிட்டார். இந்த மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒன்றுதான். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். அப்புறம் ஆயுள் முழுக்க ஒருக்களித்த படுக்கைதான். மீனுக்குச் சொந்தக்காரர் கையில் சோற்று உருண்டையோடு பாடம் முடியும்வரை பொறுமையாக இருந்தார். முடிந்ததும் மீனைத் திரும்பக் கேட்டார். அண்ணன் பேச்சுவாக்கில் பாதியைத் தின்றிருந்தார்.

அந்த மீனுக்கு மலாயில் இக்கான் செபெலா என்று பெயர். ஒரு பக்கத்து மீன் என்று அர்த்தம். தமிழில் தட்டை மீன். அன்று முதல் அவர் செபெலா ஆனார். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்கும்தான். கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, அவரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

அவர் படித்த மீன் இதன் குளிர்நாட்டுப் பெரிய சொந்தம், ஹாலிபட். நம்மூர் தட்டை மீன் ஒரு தட்டளவு என்றால் அது ஒரு கதவளவு. வெளிச்சமே எட்டாத ஆழத்தில் வாழ்வது. அண்ணன் அந்த நாட்டிலேயே படித்து, சில காலம் வேலை பார்த்து, குளிர் தாங்காமல் ஊர் திரும்பியவர். அங்கே இருக்கும் ஆராய்ச்சிக் குழுவுக்கு இங்கிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்தார். அங்கே உள்ளவர்கள் மீனைப் பிடித்து, முதுகில் ஒரு சின்னக் கருவியை மாட்டித் திரும்பக் கடலில் விடுவார்கள். மீன் எந்த நேரத்தில் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று அந்தக் கருவி பதிந்து வைத்துக்கொள்ளும். அதை வைத்து மீன் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, எங்கே தின்றது என்று கண்டுபிடிப்பது அண்ணனின் வேலை.

குழுவில் பாதிப் பேர் அந்த மீனைச் சோம்பேறி என்று முடிவுகட்டியிருந்தார்கள். அடியில் படுத்துக்கொண்டு வாய்க்கு நேரே வருவதைத் தின்கிற ஜென்மம் என்பது அவர்கள் கட்சி. அண்ணன் எதிர்க்கட்சி. பசி எடுத்தால் இருட்டும் நேரம் பார்த்து அது கிளம்பும், நம் இரட்டைக் கோபுரத்தின் உயரத்துக்கு மேலே ஏறும், அங்கே இரை பிடித்து வயிறு முட்டத் தின்னும், இறங்கி வந்து நாள்கணக்கில் அசையாமல் படுத்திருக்கும் என்பார். ஏன் அப்படிப் படுக்க வேண்டும் என்று ஒரு முறை கேட்டேன்.

“குளிர்ல செரிக்க நேரமாகும் லா. ஞாயித்துக்கெழம மத்தியானம் வாழையில சாப்பாடு சாப்ட்டுட்டு நம்மாளு கெடப்பான் பாருங்க, அந்த மாதிரி.”

அவர் மீனைச் சொல்கிறாரா தன்னைச் சொல்கிறாரா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். நான் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசன வரியை மலாயில் எழுதுகிறவன். வீட்டில் உட்கார்ந்துதான் வேலை. அதனால் அண்ணனின் போக்குவரத்து முழுவதும் எனக்கு அத்துப்படி. பகலெல்லாம் மேலே ஒரு சத்தமும் இருக்காது. சாயங்காலம் மைனாக்கள் மரத்துக்குத் திரும்பிக் கத்த ஆரம்பிக்கும் நேரத்தில் நான்காம் மாடியிலிருந்து அவருடைய ஜப்பான் ரப்பர் செருப்பு படபடவென்று இறங்கும். கீழே அக்கா கடையில் சோற்று வாளி அவர் மேசைக்கு வந்தால் அவர் எழுந்திருக்கும்வரை வேறு மேசைக்குப் போகாது. பிறகு செருப்பு மெதுவாக, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே ஏறும். மாலதி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வீட்டுக்கு வந்ததும் கட்டுக் கட்டாகப் பயிற்சி நோட்டுகள் திருத்துவாள். சுவர்க் கடிகாரத்தை அவள் பார்த்ததே இல்லை. செபெலா இறங்கினால் எழுந்துபோய்க் குக்கரில் அரிசி போடுவாள். அதுதான் எங்கள் வீட்டு நேரம்.

ஞாயிறு காலைகளில் என் மோட்டார் சைக்கிளில் அவரைக் கிள்ளான் மீன் பாசாருக்கு அழைத்துப் போகும் பாக்கியமும் எனக்கு வாய்த்தது. அங்கே அவர் மீன் வாங்க மாட்டார். மீனின் வயிற்றை மட்டும் வாங்குவார். தட்டை மீனை வெட்டச் சொல்லி, “மீன நீங்களே வச்சிக்குங்க பாஸ், வயித்த மட்டும் குடுங்க” என்பார். அது என்ன தின்றது என்று பார்க்க வேண்டுமாம். கடைக்காரச் சீனர் முதல் வாரம் சிரித்தார். இரண்டாவது வாரம் யோசித்தார். அதற்கடுத்த வாரம் நாங்கள் போனபோது கடை முன்னால் சின்னக் கூட்டம். படித்த மனிதர் ஒருவர் வாராவாரம் கோலாலம்பூரிலிருந்து வந்து செபெலா வயிறு வாங்கிப் போகிறார், இனிப்பு நீர் வியாதிக்கு அது கைகண்ட மருந்து என்று பாசார் முழுவதும் செய்தி பரவியிருந்தது. அண்ணன் அங்கேயே ஒரு மீன் பெட்டி மேல் ஏறி நின்று, இது மருந்தில்லை, தயவுசெய்து யாரும் சாப்பிடாதீர்கள் என்று மூன்று மொழியில் பிரசங்கம் செய்தார். எல்லாவற்றையும் அவரே வாங்கிக்கொள்ளத் திட்டமிடுகிறார் என்று கூட்டம் முடிவுசெய்தது. அன்று எங்களுக்கு ஒரு வயிறுகூடக் கிடைக்கவில்லை.

கிடைத்த வாரங்களில் அவை எங்கள் வீட்டு ஐஸ் பெட்டிக்கு வந்தன. அவருடைய பெட்டி கெட்டுப்போயிருந்தது. மாலதியோடு வேலை செய்யும் ஆசிரியைகள் வந்திருந்த ஒரு மத்தியானம், அவள் வனிலா ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து மேசை நடுவில் வைத்துத் திறந்தாள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதை அவள் இங்கே எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

சிரித்தது போதும். போன வருஷம் அண்ணனின் பிழைப்பே ஒரு நூலில் தொங்கியது.

முதுகில் மாட்டும் கருவியில் ஓர் ஏற்பாடு உண்டு. மீன் சில நாள் ஒரே ஆழத்தில் அசையாமல் கிடந்தால், அது செத்துவிட்டது என்று கருவி தானாகவே முடிவுசெய்யும். கழன்று மேலே வந்து மிதக்க ஆரம்பித்துவிடும். ஓடித் திரிகிற மீனுக்கு அது சரி. படுத்தே கிடக்கிற மீனை என்ன செய்வது? அண்ணன் சண்டை போட்டு அந்த ஏற்பாட்டை அணைத்துவைக்கச் செய்திருந்தார். குழுத் தலைவிக்கு அதில் மனமில்லை. மீன் நிஜமாகவே செத்திருந்தால், ஒரு வருஷம் முழுக்கப் பிணத்தோடு கருவியைக் கடலில் போட்டுவைத்ததாகிவிடும் என்று எச்சரித்திருந்தார்.

அந்த எச்சரிக்கை பலித்துவிடும் போலிருந்தது. ஒரு வருஷக் கெடு முடிந்து தானாகக் கழன்று மிதந்த கருவிகளில் சில வாயே திறக்கவில்லை. திறந்தவையும் நேர்கோட்டைத் தவிர வேறு எதையும் காட்டவில்லை. செத்த மீனுக்கும் நேர்கோடு, படுத்திருக்கும் மீனுக்கும் நேர்கோடு. ஒரு முறையாவது எழுந்து மேலே வந்தால்தான் உயிரோடு இருந்தது என்று அர்த்தம். கடைசியாக ஒரே ஒரு மீன் பாக்கி. அதுவும் கைவிட்டால் அண்ணனுக்கு வேலை இல்லை. செமினியில் தம்பி வீட்டில் ஓர் அறை தயாராக இருந்தது. தம்பி கார் இன்சூரன்ஸ் செய்கிறவர், கூட வந்து செய் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. “காலையில டை கட்டணுமாம்” என்று அண்ணன் எங்களிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

தவமணி அக்கா இதைக் கேட்டதும் ஒரே முடிவுக்கு வந்தார். மீன் பேரில் அர்ச்சனை செய்ய வேண்டும். மீனுக்குப் பெயர் உண்டா என்று விசாரித்தார். அண்ணன் ஒரு நம்பரைச் சொன்னார். நம்பருக்கு எந்தக் கோயிலிலும் அர்ச்சனை செய்ய மாட்டார்கள் என்று சொல்லி, அக்கா அந்த இடத்திலேயே மீனாட்சி என்று பெயர் வைத்தார். அண்ணன் விஞ்ஞானி. இதெல்லாம் வேண்டாம் என்றார். ஆனால் அர்ச்சனைத் தட்டோடு அக்கா கிளம்பியபோது முதல் ஆளாகப் பின்னால் போனவர் அவர்தான். நானும் போனேன்.

குருக்கள் பெயரைக் கேட்டார். அக்கா மீனாட்சி என்றார். நட்சத்திரம் கேட்டார். அங்கேதான் சிக்கல். கருவி மாட்டிய நாளைப் பிறந்த நாளாக வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லிவைத்திருந்தார். அண்ணன் அதை ஒப்புக்கொண்டு, ஆனால் மாட்டிய நேரத்தில் அங்கே பகல், இங்கே ராத்திரி, எந்த ஊர் நேரத்தை எடுப்பது என்று சந்நிதியில் நின்று கணக்குப் போட ஆரம்பித்தார். பின்னால் வரிசை நீண்டது.

“மீனுக்கு மீன ராசிதான் சாமி. ரேவதின்னு போட்டுருங்க” என்றார் அக்கா.

குருக்கள் நிமிர்ந்தார். “யாருக்கும்மா இது? கொழந்தையா, பெரியவங்களா?”

“பெரியவதான் சாமி. கதவு சைஸ்ல இருப்பா. கடலுக்கு அடியில இருக்கா. எந்திரிச்சி வந்து சாப்புடணும், அவ்வளவுதான்.”

குருக்கள் தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கண்களை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார். பிரிக்பீல்ட்ஸில் வெகு காலம் இருப்பவர், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மீன ராசி, ரேவதி நட்சத்திரம், மீனாட்சி என்று கணீரென்று சொல்லி அர்ச்சனையை முடித்துக் கொடுத்தார்.

கெடு நாள் வந்தது. அன்று சாயங்காலம் மைனாக்கள் கத்தி ஓய்ந்தன. செருப்புச் சத்தம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சாப்பாடு தாமதம். வேலை மும்முரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம். மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. போன் செய்தால் மணி அடிப்பது எங்கள் கூரை வழியாகக் கேட்டது. யாரும் எடுக்கவில்லை. பிறகு மணியும் அடிக்கவில்லை. நான் மேலே போய்ப் பார்த்தேன். இரும்பு கிரில்லின் பூட்டு உள்பக்கமாகத் தொங்கியது. உள்பக்கம் பூட்டியிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார். கூப்பிட்டேன், தட்டினேன். பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியவில்லை. முட்டி வலியால் முதல் மாடிக்குக்கூட ஏறாத தவமணி அக்கா, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து நான்காம் மாடிவரை ஏறி வந்துவிட்டார். சமையல் கேஸ் தோம்பு கொண்டுவரும் ஆளிடம் கடன் வாங்கிய பெரிய கம்பி வெட்டியை என் கையில் கொடுத்தார். மாலதி பின்னால் நிற்க, நான் பூட்டை வெட்டினேன். உள்கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு லேப்டாப் திறந்து கிடந்தது. அதன் எதிரே, வெறும் டைல்ஸ் தரையில், அண்ணன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண்கள் இரண்டும் திறந்திருந்தன. அசைவே இல்லை. மாலதி என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தாள். அவருடைய சொந்தப் பெயரை இனி யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

“பாத்து வாங்க, வயர் கெடக்கு” என்றார் அண்ணன்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரை என்னென்ன திட்டினேன் என்று ஞாபகமில்லை. நான் வசன வரி எழுதும் தொடர்களில் செத்தவர்கள் பாதிப் பேர் திரும்பி வருவார்கள். அந்தக் காட்சிகளை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அன்று என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

“செத்துட்டீங்கன்னு நெனச்சிட்டோம் அண்ணே.”

“ஏன்?”

“இத்தன நாளா அசையவே இல்லியே.”

அண்ணன் மெதுவாக எழுந்து உட்கார்ந்து என்னை வெறித்துப் பார்த்தார். “நீங்களுமா? அந்த மெஷின்தான் லா அப்படி நெனைக்கும். படுத்திருந்தா செத்துட்டதா அர்த்தமா?” என்றார். சொன்ன வேகத்திலேயே லேப்டாப் பக்கம் திரும்பினார். “எனக்கே இப்ப நம்பிக்க இல்ல.”

விஷயம் இதுதான். மீனாட்சியின் கருவி குறித்த நாளில் கழன்று மேலே வந்து மிதந்துவிட்டது. செட்டலைட் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. அதுவும் வரிசையாக வராது. கடைசி வாரம் முதலில் வரும், நடு மாதம் அப்புறம் வரும். ஒரு நாவலைப் பக்கம் பக்கமாகக் கிழித்துக் கலைத்துத் தபாலில் அனுப்பியதைப் போல. இதுவரை வந்த பக்கங்கள் எல்லாமே நேர்கோடு. அண்ணன் பிஸ்கட்டும் தண்ணீருமாக அதன் முன்னால் படுத்துவிட்டார். சார்ஜ் போன போனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் தட்டியது கேட்டதாம். எழுந்து வந்தால் என்ன ஆச்சு என்று கேட்போமே, அதற்குப் பயந்து பேசாமல் கிடந்தாராம்.

சாப்பாட்டை மேலே கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் தவமணி அக்கா கடையில் கிடையாது. காய்ச்சலில் கிடந்த பெரிய மனிதர்களுக்கே மறுத்தவர் அவர். அன்று ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். இலை வந்தது, சோற்று வாளி வந்தது, ரசம் வந்தது. தரையிலேயே இலை போட்டு அவரே பரிமாறினார். அண்ணன் முதலில் வேண்டாம் என்றார். ரசத்தின் வாசனை வந்த பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

இரண்டாவது முறை சோறு விழுந்தபோது லேப்டாப் சத்தம் கொடுத்தது. அண்ணனின் கை முழுக்க ரசம். என்னை விசையைத் தட்டச் சொன்னார். அவர் திரையைப் பார்க்கவில்லை, இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேராத்தானே இருக்கு?”

எனக்கு அந்தப் படத்தில் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் நேர் எது, கோணல் எது என்று தெரியும். “இல்லண்ணே. மேல போவுது” என்றேன்.

அவர் இலையைத் தாண்டி, வாளியைத் தள்ளிவிட்டு, முழங்காலாலேயே வந்து சேர்ந்தார். கோடு அடியில் கொஞ்ச தூரம் படுத்திருந்தது. பிறகு கிளம்பியது. மேலே, இன்னும் மேலே, இன்னும் மேலே. அங்கே சிறிது நேரம் ஏறியும் இறங்கியும் அலைந்தது. அப்புறம் சரசரவென்று இறங்கி மறுபடியும் படுத்துக்கொண்டது. கிளம்பியது எந்த நேரம் என்று அண்ணன் பார்த்தார். அங்கே இருட்டுகிற நேரம். முழங்கையிலிருந்து ரசம் சொட்டச் சொட்ட, அவர் வாய்விட்டு அழுதார்.

மாலதிதான் கேட்டாள். “மேல போச்சு, சரி. சாப்ட்டுச்சா?”

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாள் தன்னைத் தரையில் கிடத்திய அந்த நேர்கோடுகளை ஒவ்வொன்றாக மறுபடி திறந்தார். “இத்தன நாள் அசையாம படுத்திருக்கா பாருங்க. வயிறு ரொம்பிருக்கு லா, வேற என்ன” என்றார். செத்ததற்குச் சாட்சியாக இருந்த கோடுகளெல்லாம் ஒரு நொடியில் ஏப்பமாக மாறிவிட்டன. பிறகு வந்த பக்கங்களில் மீனாட்சி பல முறை எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். மீன ராசிக்கு இப்போது நல்ல காலம் என்று தான் அப்போதே சொல்லவில்லையா என்றார் தவமணி அக்கா. அண்ணன் அதை மறுக்கவில்லை. அன்று எங்கள் எல்லாருக்கும் அந்த அறையில் தரையில்தான் இலை. அப்படி நிம்மதியாக நான் சாப்பிட்டு வெகு காலமாகியிருந்தது.

குழுத் தலைவி தன் கட்சியை விட்டு அண்ணன் பக்கம் வந்துவிட்டார். வேலை நீடித்தது. செமினித் தம்பிக்கு டை மிச்சம். அடுத்த தொகுதி மீன்களுக்குக் கருவி மாட்டும்போது நீங்களே படகில் வாருங்கள் என்று அழைப்பும் வந்தது. அண்ணன் பயந்து நடுங்கினார், ஆனால் மறுக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்த மீனை அவர் உயிரோடு நேரில் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாந்திக்கு மாலதி இரண்டு பாக்கெட் அசாம்போய் ஊறுகாய்ப் பழம் கட்டிக் கொடுத்தாள். கிரில்லுக்குப் புதுப் பூட்டு வாங்கி, ஒரு சாவியை நான் வைத்துக்கொண்டேன்.

போனவர் போனவர்தான். நடுக்கடலில் போன் எடுக்காதாம். மாதக்கணக்கில் மேலே ஒரு சத்தமும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு நாள் ஏழு மணிக்குச் சாப்பாடு, ஒரு நாள் ஒன்பதரைக்கு. தகவல் உண்டா என்று தவமணி அக்கா தினமும் கேட்பார். சத்தம் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை அக்கா என்று நானும் தினமும் சொல்வேன். சொல்லிவிட்டு மேலே ஒரு முறை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருவேன்.

போன வெள்ளிக்கிழமை பகலில் ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது மைனாக்கள் கத்த ஆரம்பித்தன. மாலதி நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள். மேலே ஒரு கதவு திறந்தது. ஜப்பான் செருப்பு படபடவென்று எங்கள் வாசலைத் தாண்டிக் கீழே இறங்கியது.

மாலதி என்னைப் பார்த்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுந்துபோய்க் குக்கரில் அரிசி போட்டாள். நெடுநாளைக்குப் பிறகு அன்று எங்கள் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டோம்.